வாசகர் கேள்வி பதில்: கடையை மூடுவதற்கு முன்

கேள்வி: புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு இரண்டு பேர். இனிக் கொண்டு நடத்த ஏலாது. மார்கழியோடு பூட்டிவிட்டால் சரியா?

பதில்: மார்கழி வேண்டாம். உங்கள் கடன் கொப்பியில் கூடுதலாக நெல் விதைத்தவர்கள்தான் இருப்பார்கள். மார்கழியில் பயிர் வயலில் நிற்கும், கையில் காசு இராது. பெரும்போக அறுவடை முடிந்து நெல் விலைப்படும் மாசி, பங்குனி வரை கடை திறந்திருக்கட்டும். பிரதேச சபை அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடியும், புதுப்பிக்கக் காசு போகும்தான். ஆனாலும் கொப்பியில் நிற்கும் தொகை பெரிதென்றால் அந்தச் செலவு தகும்.

புதுக் கடனை இன்றே நிறுத்துங்கள். மிச்சத்தைத் தனித் தாளில் எழுதி, எப்போது தருவார் என்பதையும் சேர்த்து, கையெழுத்து வாங்குங்கள். இலங்கைச் சட்டப்படி வெறும் கடைக் கடனுக்கு, தவணை முடிந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். கையெழுத்திட்ட வாக்குறுதிக்கு ஆறு வருடம் இருக்கிறது. கடை பூட்டின பிறகு இந்தக் கையெழுத்து கிடைப்பது மிகக் கஷ்டம்.

சாமான் தரும் ஏஜென்சிகளுக்குப் பிந்திய திகதி போட்டுக் கொடுத்த செக்குகளில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். கடைசிச் செக் மாறும்வரை வங்கி நடைமுறைக் கணக்கை மூடவே கூடாது. மூடிய கணக்கில் செக் திரும்பினால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் குற்ற வழக்காகலாம். விற்காத சாமானை ஏஜென்சியின் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) வந்துபோகும் காலத்திலேயே திருப்பிக் கொடுத்து, பழைய செக்கைக் கையில் வாங்கிக்கொண்டு குறைந்த தொகைக்குப் புதிது எழுதுங்கள்.

வேலைக்கு ஒருவர் நின்றாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டாயம்: சம்பளத்தில் அவருடைய 8 வீதம், உங்களுடைய 12 வீதம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) உங்களுடைய 3 வீதம் தனியே. கட்டாமல் விட்ட மாதங்களுக்கு ஈ.பி.எஃப். மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் (வேலை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் தொகை பற்றியது) பதினைந்து பேருக்குக் குறைந்த இடத்தைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் வேலை போனவர் ஆறு மாதத்துக்குள், வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீண்ட காலம் நின்றவர்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குவதே நியாயம்.

இவை முடிந்தபின் வியாபாரப் பெயர்ப் பதிவை நீக்கி, பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வரிக் கோப்பு இருந்தால் அதையும் மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் வேலை செய்த புடவைக்கடை பூட்டியாயிற்று. எனக்கு வயது 32. ஈ.பி.எஃப். எடுக்கலாமா?

பதில்: கடை பூட்டியதை மட்டும் காட்டி எடுக்க முடியாது. பொதுவாகப் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதாக வேண்டும். ஈ.டி.எஃப். பணத்தை வேலை விட்டதும் கேட்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. முதலில் ஈ.பி.எஃப். மீதியைப் பாருங்கள். மாதங்கள் விடுபட்டிருந்தால் சம்பளத் துண்டுகளோடு உடனே தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். முதலாளி ஊரை விட்டுப் போனபின் அறவிடுவது இழுபடும்.