ஒரு நாள் கூத்துக்கு நாலு ஜம்பரா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. டிசம்பரில் ஒரு நாள் கிறிஸ்துமஸ் ஜம்பர், அதாவது மான், சாண்டா படமெல்லாம் போட்ட ஸ்வெட்டர், போட்டு வரச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது, கணவரின் அலுவலகத்திலும் இதே கதை. போன வருடம் நாலு பேருக்கும் சேர்த்து 64 பவுண்டு ஆனது. பிள்ளைகளுடையது இப்போது பத்தவில்லை. மகளுடையது மூக்கில் லைட் எரிகிற மான், அந்த லைட்டும் அணைந்துவிட்டது. நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். எங்களுக்கும் கிறிஸ்துமஸ் என்றால் புதுத்துணிதான், ஆனால் அதை வருடம் முழுக்கக் கோயிலுக்குப் போட்டோம். இது அப்படியில்லையே. வாங்காவிட்டால் பிள்ளைகள் முகம் வாடிவிடும், வாங்கினால் எனக்கு மனசு உறுத்துகிறது. வாங்குவதென்றால் எந்தத் துணியில் வாங்குவது? பழையதை என்ன செய்வது? மேட்சிங் பைஜாமா வேறு கேட்கிறார்கள்.

பதில்: போடுங்கள், ஆனால் புதிதாக வாங்காதீர்கள். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன். நான் 18 வருடம் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசராக இருந்தவன், அதாவது உங்கள் ஊர் அலமாரிகளை அடைத்துக்கொண்டிருக்கிற சரக்கில் ஒரு பங்குக்கு நானும் பொறுப்பு, அதனால் நான் சொல்வதைச் சாத்தான் ஓதும் வேதமாகக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் பள்ளிக் கடிதம். பிரிட்டனில் இந்த ஜம்பர் தினத்தைச் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2012இல் தொடங்கியது, குழந்தைகளுக்காகக் காசு திரட்டத்தான். ஜம்பர் புதிதாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை, பழையதைப் போடு, இருப்பதை அலங்கரித்துக்கொள் என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் பள்ளியில் கொடுக்கிற சில்லறை குழந்தைகளுக்குப் போகிறது, கடையில் கொடுத்த 64 பவுண்டு ஜவுளிக்காரனுக்குப் போனது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் உறுத்தல் உங்களுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. ஹப்பப் என்ற பிரிட்டிஷ் அமைப்பு 2019இல் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தது. ஏற்கெனவே 6.5 கோடி கிறிஸ்துமஸ் ஜம்பர் வீடுகளில் கிடக்கிற நாட்டில் அந்த ஒரு வருடம் மட்டும் இன்னும் 1.2 கோடி வாங்கப்படும் என்றும், ஐந்தில் இரண்டு ஜம்பர் ஒரு பண்டிகைக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் உடம்பில் ஏறுகிறது என்றும் சொன்னது. பச்சைக்குழந்தை முதல் தாத்தா வரை தலைக்கு ஒன்று போட்டாலும் அலமாரியில் இருப்பதே கிட்டத்தட்டப் போதும். பற்றாக்குறை என்று எதுவும் இல்லை, இருப்பது தப்பான சைஸில் தப்பான வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் பாளையங்கோட்டைப் புதுத்துணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அது ஆடை, இது வேடம். பண்டிகை அதற்கு ஆரம்பம் மட்டுமே, அதற்கப்புறம் கல்யாணம், காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, கடைசியில் தம்பிக்கோ தங்கைக்கோ. மான் மூக்கு ஜம்பருக்கு டிசம்பர் 26ஆம் தேதியே வேலை முடிந்துவிடுகிறது. வேடம் போடுவதில் ஒரு தப்பும் இல்லை, பெரியவர்கள்கூட ஒரு நாள் கோமாளியாக இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் நம் ஊரில் பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைக்குப் பாரதியார் கோட்டும் தலைப்பாகையும் விலைக்கா வாங்குகிறோம்? வாடகைக்கு எடுப்போம், இல்லை போன வருடம் பாரதியாராக இருந்த பிள்ளையின் வீட்டில் கேட்டு வாங்குவோம், மீசையைப் பென்சிலால் வரைந்துவிடுவோம். அந்தப் புத்தியை இங்கேயும் காட்டினால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கம்பளி மாதிரி பின்னிய அந்த ஜம்பர் பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சரக்கு இல்லை, சீனாவும் பங்களாதேஷும்தான் அதில் பெரிய கை. எங்களுக்கு வருவது பைஜாமா, டிசர்ட், ஸ்வெட்ஷர்ட். கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடுவது பெரும்பாலும் சித்திரை, வைகாசி வெயிலில். மின்விசிறி அனல் காற்றை வாரி இறைத்துக்கொண்டிருக்க, செக்கிங் டேபிளில் பனிமனிதனும் சாண்டாவும் குவியல் குவியலாகக் கிடப்பார்கள். ஒரு தடவை மூக்குச் சிவந்த மானை உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓர் அக்கா என்னிடம் கேட்டார், "ஏனுங் சார், இந்த மானுக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா, மூக்கு இப்படிச் செவந்து கெடக்குது?" பதில் சொல்லக்கூட நேரம் இல்லை, ஏனென்றால் இந்தச் சரக்குக்குக் கெடு அப்படி. சாதா டிசர்ட் பத்து நாள் தாமதமானால் தள்ளுபடி கேட்பார்கள், சமாளிக்கலாம், கிறிஸ்துமஸ் சரக்கு கப்பலைத் தவறவிட்டால் மொத்தமும் தலையில் விடியும். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கவும் முடியாது, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி டிசைனை மாற்றிவிடும். அப்படித் தங்கியது, திருப்பூரில் மீந்த சரக்கு விற்கிற காதர்பேட்டைச் சந்தைக்கு வரும். அவிநாசித் தேரோட்டத்தில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க, பனியனில் பனிமனிதனோடு அப்பா தோளில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பொடியனைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பனியன் பிழைத்துக்கொண்டது என்றே நினைத்தேன், வருடம் முழுக்கப் போடுவான்.

சரி, துணிக்கு வருவோம். ஹப்பப் அப்போது கடைகளில் எடுத்துப் பார்த்த 108 ஜம்பர்களில் 95 சதவீதத்தில் முழுவதுமாகவோ பகுதியாகவோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் முக்கியமானது அக்ரிலிக். தொட்டால் கம்பளி மாதிரி இருக்கும், விலை குறைவு, பளிச்சென்று நிறம் ஏறும், பூச்சி அரிக்காது, பிள்ளைகளுக்கு அரிப்பும் இருக்காது, ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வருகிற இழை. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரோடு போகும். பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் துவைத்து எண்ணியபோது, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தாலே 7 லட்சத்துக்கும் மேல் இழைத்துகள்கள் வெளியேறலாம் என்று தெரிந்தது. பாலியஸ்டருக்கு அது 5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, பாலியஸ்டர் பருத்திக் கலவைக்கு 1.4 லட்சத்துக்குப் பக்கம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற அக்ரிலிக்கைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பருத்தியில் புதிதாக வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், அதைவிடப் பெரிய விரயம் கிடையாது. திருப்பூரில் ஓடுகிற நொய்யல் ஆற்றைப் பார்த்தவன் பருத்தியைச் சுத்தமான துணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டான். சாயக் கழிவு பிரச்சினை முற்றி, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அதற்கப்புறம் சுத்திகரிப்பு எவ்வளவோ மாறியிருக்கிறது, ஆனாலும் எந்தத் துணிக்கும் பின்னால் தண்ணீர், சாயம், கரண்டு எல்லாம் உண்டு. ஏற்கெனவே செய்து முடித்த ஜம்பரை இன்னும் பத்து தடவை போடுவதுதான் நீங்கள் செய்யக்கூடியதிலேயே பெரிய காரியம். லேபிளில் ‘ரீசைக்கிள்டு பாலியஸ்டர்’ என்று பார்த்தும் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த இழை. அந்தப் பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்கலாம், அதை மினுக்குத் தாள் ஒட்டிய ஜம்பராக்கிவிட்டால் அத்தோடு அதன் கதை முடிகிறது, துகளும் கொட்டத்தான் செய்யும்.

துவைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், இதில்தான் நிறைய ஜம்பர் செத்துப்போகிறது. ஒரு நாள் போட்டதைத் துவைக்கவே வேண்டியதில்லை, ஏதாவது சிந்தியிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள். துவைத்தே ஆக வேண்டுமென்றால் உள்பக்கம் வெளியே திருப்பி, மற்ற துணிகளோடு மெஷின் நிறைகிற மாதிரி, 30 டிகிரிக்கு மேல் போகாமல் குறைந்த நேரச் சுற்றில். கொடியில் தொங்கப் போடாதீர்கள், ஈரத்தின் கனத்தில் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும், ஒரு டவல் மேல் பரப்பிக் காய வையுங்கள். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பின்னல் தொய்ந்து வாழைத்தோல் மாதிரி ஆகிவிடும், திரும்ப எழுப்ப முடியாது.

லைட், பாட்டு, மணி எல்லாம் வைத்த ஜம்பர் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதில் சின்ன பேட்டரி இருக்கும், பெரும்பாலும் பொத்தான் மாதிரியானது. அதைப் பிள்ளை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகிற அளவுக்குப் புண்ணாகலாம், அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே உடனே ஏ அண்ட் ஈ, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், வீட்டு வைத்தியம் கூடாது. லைட் அணைந்துவிட்டது என்கிறீர்கள், ஆனால் பேட்டரி இன்னும் உள்ளேதான் இருக்கும். இன்றைக்கே உள்பக்கப் பையைத் திறந்து எடுங்கள், தையல் போட்டு மூடியிருந்தால் பிரித்து எடுங்கள், எடுத்ததைச் சூப்பர்மார்க்கெட்டில் இருக்கிற பழைய பேட்டரிப் பெட்டியில் போடுங்கள். பேட்டரியோடு ஜம்பரைக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கவும் வழியுண்டு.

மேட்சிங் பைஜாமா விஷயத்தில் நான் பிள்ளைகள் கட்சி. மார்ச் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் பையன் சாண்டா படம் போட்ட பைஜாமாவில் தூங்கினால் யார் பார்க்கப் போகிறார்கள்? நல்ல பருத்தியில், உடம்போடு ஒட்டினாற்போல வாங்கினால் நூறு இரவு போடலாம், நூறு தடவை போட்டது விரயமே இல்லை. தீயை மட்டும் கவனியுங்கள். பிரிட்டனில் இரவு உடைகளுக்கு 1985ஆம் வருட விதிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் நைட்டியும் டிரெஸ்ஸிங் கவுனும் தீச்சோதனையில் தேறியே ஆக வேண்டும், பைஜாமாவில் தேறியதா இல்லையா என்று லேபிள் இருந்தால் போதும், ஆகவே லேபிளைப் படியுங்கள். எல்ஃப் (சாண்டாவின் குட்டி உதவியாள்) உடுப்பு, சாண்டா உடுப்பு எல்லாம் அங்கே சட்டப்படி பொம்மைக் கணக்கில் வருவதால் அந்த இரவு உடை விதிகள் அதற்குக் கிடையாது. மெழுகுவர்த்தி, கணப்பு பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு சுற்ற விடாதீர்கள்.

இனி ஜம்பர் வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், தானமாக வந்த பழைய பொருளை விற்கிற சாரிட்டி கடைக்கு நவம்பரிலேயே போய்விடுங்கள், டிசம்பர் முதல் வாரத்தில் பிள்ளைகள் சைஸ் காலியாகிவிடும். இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துக் கைப்பட்டையை மடித்துவிடுங்கள். வாசகமோ மூஞ்சியோ இல்லாமல் நட்சத்திரம், பனித்தூவல், வரிவரியாகக் கோலம் போட்ட மாதிரி வருகிற ஷெட்லாந்து பாணிப் பின்னல், இப்படி எதையாவது எடுத்தால் பிப்ரவரிக் குளிர் வரை கூச்சமில்லாமல் போடலாம். பள்ளியில் பெற்றோர் குழு இருந்தால் ஒரு துணி ஸ்டாண்டு வைத்து ஜம்பரை மாற்றிக்கொள்ளும் யோசனையைச் சொல்லிப் பாருங்கள், பல பள்ளிகளில் ஏற்கெனவே நடக்கிறது. உங்களைப் போல மனசு உறுத்துகிற பத்து அம்மாக்கள் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே வாயைத் திறக்காமல் இருப்பார்கள், முதலில் கேட்கத்தான் ஆள் இல்லை.

பழையதைக் கொடுப்பதற்கும் நேரம் உண்டு. ஜனவரியில் சாரிட்டி கடைக்குக் கொடுத்தால் பதினோரு மாதம் அவர்கள் இடத்தை அடைக்கும், அக்டோபர் கடைசியில் கொடுங்கள், உடனே விற்கும். விற்காத துணி எங்கெங்கோ போகிறது. கானாவின் அக்ராவில் கன்டமான்டோ என்று பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது, அந்த வெக்கையில் தடித்த ஜம்பரை யார் வாங்குவார்? நம் நாட்டில் ஹரியானாவின் பானிபட்டுக்குப் போனால் பட்டன், ஜிப் எல்லாம் வெட்டி, நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கித் திரும்ப நூற்றுப் போர்வையாக்குகிறார்கள். வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணமாகக் கொடுக்கிற போர்வைகளில் அந்த ஊர்ச் சரக்கு நிறைய. சமிக்கியும் வயரும் தைத்த ஜம்பர் அந்த வேலைக்கும் இடைஞ்சல்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கு இவ்வளவுதான். கணவர் போன வருடத்து ஜம்பரையே போடட்டும், அலுவலகத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது, இருந்தாலும் அவருக்கு அது உறைக்காது. நீங்களும் அப்படியே. மகளுக்குப் பள்ளி ஸ்வெட்டர் மேலேயே பழுப்பு ஃபெல்ட் துணியில் ஒரு மான் தலையை வெட்டி, சுற்றிலும் லூசாகத் தையல் ஓட்டிவிடுங்கள், பசை வேண்டாம், மறுநாள் பிரித்துவிட்டால் யூனிஃபார்ம் யூனிஃபார்மாகவே இருக்கும். கொம்பை அவளே வெட்டட்டும், கோணலாக வந்தால் இன்னும் நல்லது. அவளுடைய போன வருடத்து ஜம்பர் தம்பிக்கு, கையை இரண்டு மடிப்பு மடித்தால் சரியாக இருக்கும். பேட்டரியை எடுத்தபின் அணைந்த மூக்கின் மேல் சிவப்பு உல்லன் பந்து ஒன்றை இறுக்கமாகத் தைத்துவிடுங்கள். இது அக்காவுடையது என்று அவன் கண்டுபிடிக்கத்தான் போகிறான், அதற்குக் கையில் ஒரு சாக்லேட் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.