செவ்வாயும் சனியும் அடுப்பு யார் பொறுப்பு?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து, நான்கு டிபன் பாக்ஸ் கட்டி, எட்டரைக்குக் கம்பெனி வேனைப் பிடிக்கிறேன். திரும்பி வர ஏழு மணி. படுக்க 11 ஆகிவிடும். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். போன மாதம் எடுத்த சர்க்கரைப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.1. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்க" என்றார் டாக்டர். மாடிப்படி ஏறினால் முழங்காலும் வலிக்கிறது. யூடியூப் பார்த்து அரை மணி நேரப் பயிற்சி ஆரம்பித்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "வீட்டு வேலை செய்யறதே பயிற்சிதானே" என்கிறார் மாமியார். "நாலு மணிக்கு எந்திரி" என்கிறார் கணவர். நான் எப்போதுதான் செய்வது?

பதில்:

அன்புச் சகோதரி,

நான்கு மணிக்கு எழவே எழாதீர்கள். இப்போதே ஆறு மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். தூக்கம் குறைந்தால் உடம்பில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை, பசியும் கூடுகிறது. சர்க்கரையைக் குறைக்க நினைத்து, அதை ஏற்றுகிற காரியத்தைச் செய்யக் கூடாது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. ஆட்டுக்கல்லில் மாவாட்டி, கிணற்றில் நீர் இறைத்து, துணியை அடித்துத் துவைத்தவர்களுக்கு அது நல்ல உழைப்பாகவே இருந்திருக்கும். இன்று கூட்டுவதும் துடைப்பதும்கூட உடல் அசைவுதான், கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றால் கால் கடுக்குமே தவிர, தொடைத் தசை வலுப்பெறாது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைகள்தான். வயது ஏற ஏறத் தசை தானாகக் குறையும். அதைக் காப்பாற்ற, தசைக்குப் பழக்கமில்லாத சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டு வேலையில் சுமை கூடுவதில்லை, அலுப்புதான் கூடுகிறது.

எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்குவது. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று 2010-ல் ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நல்ல செய்தி. அரை மணி நேரம் ஒன்றாகக் கிடைக்கவில்லையே என்று இனி ஏங்க வேண்டாம்.

நடைக்குச் சாப்பாட்டு வேளைகளையே பிடித்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டதும் கம்பெனி வளாகத்தில் நிழல் பார்த்து 10 நிமிடம். இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியிலோ தெருவிலோ 15 நிமிடம், சற்று வேகமாக. பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டுங்கள், கழுவிவிட்டுப் போகலாம் என்று நின்றால் அந்த நடை நடக்காது. சாப்பாட்டுக்குப் பின் தசைகள் வேலை செய்தால், சர்க்கரை உச்சத்துக்கு ஏறுவது அப்போதே மட்டுப்படும். மதியம் ஆறு நாள், இரவு ஏழு நாள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், கூட்டிப் பாருங்கள், 165 நிமிடம் வருகிறது.

வலுவூட்டும் பயிற்சிக்குத்தான் தனியாக நேரம் வேண்டும், வாரம் இரண்டு முறை, 20 நிமிடம். செவ்வாயும் சனியும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், வீடு துடைப்பதும் விளக்கேற்றுவதுமாக அன்றைக்கு உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முழங்கால் வலித்தால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வலி குறையக் குறையத் தலையணையை எடுத்துவிடலாம். தொடைத் தசை வலுவானால் முழங்கால் மேல் விழும் பாரம் குறையும், அதனால் வலிக்குப் பயந்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்து, சுவரில் கை ஊன்றி மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி வருவது. பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை விலா வரை இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பாட்டிலுக்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பை. மூச்சை அடக்காதீர்கள். நைட்டி தடுக்கும், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 20 நிமிடம் எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவழித்தது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். உங்கள் நாளில் மிச்சம் பிடிக்க இனி ஒன்றுமில்லை. உங்கள் கையிலுள்ள வேலை ஒன்று இன்னொரு கைக்குப் போயே ஆக வேண்டும். செவ்வாய், சனி இரவுச் சமையல் கணவருடையதாகட்டும். மாவு இருந்தால் தோசை, இல்லையென்றால் உப்புமா. மகன் வெங்காயம் நறுக்கலாம், பத்தாம் வகுப்புப் படிப்பு அதனால் கெட்டுவிடாது. மகள் தட்டு எடுத்து வைக்கலாம். தோசை தடிமனாக வந்தாலும் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் கரண்டி உங்கள் கைக்கு வந்துவிடும்.

இதை அலுத்துச் சலித்து நிற்கும் ராத்திரியில் சொன்னால் சண்டையில் முடியும். ஞாயிறு மதியம் எல்லோரும் இருக்கும்போது அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், இந்தக் கட்டத்தில் திருப்ப முடியும் என்று சொல்லுங்கள். சமையலறைக் காலண்டரில் இரண்டு நாளையும் வட்டமிடுங்கள்.

மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, கீழே விழாமல் இருக்க வலுவும் சமநிலையும் தரும் பயிற்சிகளை வாரம் மூன்று நாள் செய்யச் சொல்கிறார்கள். சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுவது அவருக்கும் நல்லது. அவர் கூட உட்கார்ந்துவிட்டால் உங்களை யாரும் நடுவில் கூப்பிட மாட்டார்கள்.

பொதுத்தேர்வு, ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று சில வாரங்கள் கலையத்தான் செய்யும். அந்த வாரங்களில் இரவு நடையை மட்டும் விடாதீர்கள், மற்றதை அடுத்த செவ்வாய் தொடங்கலாம்.

நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். முழங்கால் வீங்கினாலோ, ஒரு மாதத்தில் வலி குறையவில்லை என்றாலோ பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை, அதனால் மூன்று மாதம் முடிந்த பிறகு எடுத்தால் போதும். எண் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.