நண்பர்களுக்குள் நடக்கும் குறும்படப் போட்டிக்கு, கட் இல்லாமல் ஒரே ஷாட்டில் ஐந்து நிமிடப் படம் எடுக்க வேண்டும். கையில் செல்போன் மட்டும்தான். எப்படித் தயாராவது?

எங்கள் குடியிருப்பில் பொங்கலை ஒட்டி இதே மாதிரி ஒரு போட்டி நடக்கும். பெரிய பரிசெல்லாம் கிடையாது. மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். அதற்குப் படம் எடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேமராவை விடுங்கள், முதலில் கதையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே ஷாட்டில் திரையில் ஓடும் நேரமும் கதையில் ஓடும் நேரமும் ஒன்றுதான். "மறுநாள் காலை" கிடையாது, "ஐந்து வருடம் கழித்து" கிடையாது. பார்த்திபன் 'இரவின் நிழல்' (2022) படத்தில் ஒரே ஷாட்டுக்குள் ஒரு மனிதனின் பல வயதுகளைக் காட்டினார் என்றால், அதற்காக எத்தனையோ செட்டுகளையும் வெவ்வேறு வயது நடிகர்களையும் தயார் செய்து வைத்திருந்தார். நமக்கு இருப்பது ஒரு வீடும் நாலு நண்பர்களும். அதனால் ஐந்து நிமிடத்தில் இயல்பாகவே நடந்து முடிகிற ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வருவதற்குள் நடப்பது, லிஃப்டுக்காகக் காத்திருக்கையில் நடப்பது, இப்படி.

நாங்கள் எடுத்தது இதுதான்: மகன் வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறான், கேப் வர நாலு நிமிடம் என்று போன் காட்டுகிறது. அம்மா ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வைக்கப் பார்க்கிறார், அவன் "எடை கூடிடும்மா, வேண்டாம்" என்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த நாலு நிமிடம் பார்ப்பவர் மனதிலும் குறைந்துகொண்டே வரும். கதைக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருந்தால், கட் இல்லாத குறையே தெரியாது.

அடுத்து, எடிட்டிங் மேசையில் நடக்க வேண்டிய வேலையை நடிகர்களின் நடையில் செய்ய வேண்டும். குளோசப் வேண்டுமா, நடிகரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வரச் செய்யுங்கள். இடம் மாற வேண்டுமா, கேமரா பின்தொடர ஒரு காரணம் கொடுங்கள். காரணமில்லாமல் கேமரா நகர்ந்தால் "யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்" என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் படத்தில் அந்தக் காரணம் ஊறுகாய் பாட்டில். அம்மாவாக நடித்த பக்கத்து வீட்டு அத்தை, சமையல் மேடையில் பாட்டில் வாயை பிளாஸ்டிக் கவரால் மூடி ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். ஃபிரேமில் கைகள் மட்டும்தான். பாட்டில் கிளம்பியதும் கேமராவும் கிளம்புகிறது. ஹாலுக்குப் போனதும் பாட்டில் பெட்டிக்குள் இறங்குகிறது, அங்கேதான் மகனின் முகம் முதன்முதலாகத் தெரிகிறது. கைக்குப் பிறகு முகம். சாதாரணப் படத்தில் இரண்டு ஷாட்டாக வந்திருக்கும்.

நடுவில் யாரும் "ஆக்‌ஷன்" என்று கத்த முடியாது என்பதால், ஹாலில் இருப்பவருக்குச் சமையலறையில் என்ன நடக்கிறதென்று சத்தத்தால்தான் தெரிய வேண்டும். அத்தை எவர்சில்வர் டம்ளரை மேடையில் 'ணங்'கென்று வைப்பார், அதைக் கேட்டதும் மகன் பெட்டியின் ஜிப்பை இழுக்கத் தொடங்குவான். வசனத்தைச் சைகையாக வைப்பதைவிட இது நல்லது. வசனம் மாறலாம், டம்ளர் மாறாது.

ஒலியைப் பற்றி யாரும் போதிய அளவு கவலைப்படுவதில்லை என்பது என் கருத்து. படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் மன்னிப்பார், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை அணைத்து வையுங்கள் (எடுத்து முடித்ததும் போட மறக்காதீர்கள்), பக்கத்து வீட்டில் குக்கர் வைக்கும் நேரத்தைத் தவிருங்கள். இன்னொரு போனில் ரெக்கார்டரைப் போட்டு நடிகரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு படத்தையும் ஒலியையும் ஒட்டவைக்க அந்தத் தட்டல் போதும். ஆனால் ஒலியைத் தனியாகச் சேர்ப்பதற்கும் டைட்டில் போடுவதற்கும் விதி இடம் தருகிறதா என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் இரண்டு விஷயம். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகிறது என்பது) பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். ஆனால் பூட்டிய பிறகு வாசலுக்கு வெளியே போனால் எல்லாம் வெள்ளையாகிவிடும், அதனால் கதையை உள்ளேயே முடிப்பது உத்தமம். இரண்டாவது, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் சில மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும், நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடலாம். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் போய்விடும். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் 'பால்' (PAL, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்களுக்கான வீடியோ முறை) ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் நொடிக்கு 25 ஃபிரேம் என்ற தேர்வும் வரும்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. (கேப் நேரம் காட்டும் போன் கதைக்குள் இருக்கும் வேறு போன், அதில் ஸ்கிரீன்ஷாட் போதும்.) கிம்பல் (போனை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) இல்லையென்றால் முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடங்கள். பின்னோக்கி நடக்கும்போது ஒருவர் உங்கள் இடுப்பைப் பிடித்து வழிகாட்டட்டும்.

ஒத்திகைதான் உண்மையான படப்பிடிப்பு. முதலில் கேமரா இல்லாமல் நடிகர்கள் மட்டும். பிறகு நிற்க வேண்டிய இடங்களில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, கேமராவோடு. அந்த ஒத்திகையையும் பதிவு செய்து எல்லோரும் சேர்ந்து பாருங்கள். ஹாலில் காத்திருப்பவருக்குச் சமையலறையில் நடப்பது தெரியாது, பார்த்தபின் அவர் நடிப்பே மாறும்.

பாதியில் ஒரு டேக் (ஒரு முறை எடுக்கும் முயற்சி) கெட்டால் மனம் தளராதீர்கள். சினிமாவே ஒரே ஷாட்டில்தான் தொடங்கியது: 1895-இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடி ஓடும் ஒரே ஷாட்தான். ஹிட்ச்காக் 1948-இல் 'ரோப்' எடுத்தபோது ஒரு ரீல் பத்து நிமிடம்தான் ஓடும் என்பதால், சில இடங்களில் நடிகரின் முதுகு திரையை மறைக்கும்வரை கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோய் ரீல் மாற்றியதை மறைத்தார். 'ரஷ்யன் ஆர்க்' (2002) படத்துக்காக அலெக்சாந்தர் சோகுரோவ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரத்தை ஒரே ஷாட்டில், ஃபிலிம் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்தார். அங்கேயும் முதல் மூன்று முயற்சிகள் பாதியில் நின்றன, நான்காவதுதான் படம். அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் அனுமதி. உங்களுக்கு வீடு சொந்தம், ஞாயிற்றுக்கிழமை முழுதும் இருக்கிறது.

ஒரு டேக் கெட்டதும் உடனே அடுத்ததைத் தொடங்காமல், தண்ணீர் குடித்து, பாட்டிலிலிருந்து கவரைக் கழற்றி, பெட்டியைக் காலி செய்து, ஒவ்வொரு பொருளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். அந்த ஆள் நடிக்கவும் கூடாது, கேமராவும் பிடிக்கக் கூடாது.

போனில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்றும் கவனியுங்கள். ஐபோனில் 4கே, 30 ஃபிரேம், சிக்கனமான ஃபார்மட்டிலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி ஆகும். கெட்ட டேக்குகளை அவசரத்தில் அழிக்காதீர்கள், மறுநாள் பார்த்தால் அதில் ஒன்றுதான் பிடித்துப்போகும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள்.