மகளின் எம்.டெக். ஆசையும் 5 லட்சம் கட்டணமும்

கேள்வி: என் மகள் பி.இ. முடித்து, கோவையில் ஒரு கம்பெனியில் மாதம் 32,000 ரூபாய் வாங்குகிறாள். வேலையை விட்டுவிட்டு, தனியார் கல்லூரியில் எம்.டெக். சேர ஆசைப்படுகிறாள். இரண்டு வருடக் கட்டணம் 5 லட்சம். எனக்கு 56 வயது. ஓய்வுக்காகப் போட்ட எஃப்.டி.யை உடைக்கலாமா, கல்விக் கடன் வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: எஃப்.டி.யில் கை வைக்க வேண்டாம். கடனுக்கு அலைவதற்கு முன்னாலும் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். மகள் விடப்போகும் சம்பளம் 24 மாதத்துக்கு 7,68,000 ரூபாய். கட்டணத்தைவிட அதுதான் பெரிய செலவு. இரண்டும் சேர்ந்து 12,68,000. (சாப்பாட்டுச் செலவைச் சேர்க்கவில்லை, வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தானே வேண்டும்!)

கடனுக்கு 10 சதவீத வட்டி, வருடத்துக்கு 2.5 லட்சமாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 2 வருடமும் அதற்கு அடுத்த 1 வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். தனிவட்டியே 1,25,000 ஆகி அசலில் ஏறிவிடும். அப்புறம் 7 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். வட்டியை மட்டும் நீங்கள் அவ்வப்போது கட்டிவந்தால் தவணை 8,300 அளவில் நிற்கும். கல்விக் கடனுக்கான வரிச்சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பழைய வரிமுறையில் மட்டும்தான், அதிலும் வட்டிக்கு மட்டும்தான். இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது.

சரி, வரவு? படித்து முடித்து 45,000 வாங்குவார் என்றே வைப்போம். அதை இன்றைய 32,000-த்தோடு ஒப்பிடக் கூடாது. வேலையிலேயே இருந்திருந்தால் அதற்குள் 38,000 ஆகியிருக்கலாம். கூடுதல் 7,000 தவணைக்கே பற்றாது. கல்லூரியில் பேசும்போது எம்.டெக். மாணவர்களுக்கு மட்டும் தனியாக வேலைவாய்ப்புப் பட்டியல் கேளுங்கள், பி.டெக்.கையும் சேர்த்துக் காட்டுவார்கள்.

நான் சொல்வது, வேலையில் இருந்தபடியே, எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான ‘கேட்’ தேர்வு எழுதட்டும். மதிப்பெண் 3 வருடம் செல்லும். அதை வைத்து ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரமுள்ள இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். திருச்சி என்.ஐ.டி. போன்ற இடம் கிடைத்தால் கட்டணமும் குறையும்.

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் முதுகலைப் பட்டம் இல்லாமல் முடியாது. அப்படியென்றாலும், பக்கத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு என்ன சம்பளம் தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.