ஆறு பக்க அரகோனைட்

அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமம் ஆறு பக்கத் தூணாக இருக்கிறதே, புத்தகம் ஏன் ஆர்த்தோராம்பிக் (நீளத்தில் வேறுபட்ட மூன்று அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் படிக வகை) என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் சொல்வதுதான் சரி. உங்களிடம் இருப்பது மூன்று படிகங்கள் ஒன்றையொன்று ஊடுருவி வளர்ந்த கூட்டுப் படிகம். தனிப் படிகத்தை நீள அச்சில் சுற்றினால் 180 பாகையில்தான் பழைய தோற்றம் திரும்பும், உண்மையான அறுகோணப் படிகம் போல 60-இல் வராது. அதன் பக்கக் கோணம் சுமார் 116 பாகை. 120 இல்லாததால் மூன்றும் கச்சிதமாகப் பொருந்தாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், பல மாதிரிகளில் பக்கங்களில் நீளவாக்கில் பள்ளம் தெரியும். அழகான விஷயம் அது!

அப்புறம், கால்சைட்டும் கால்சியம் கார்பனேட்தானே, ஏன் இரண்டு பெயர்? கனிமத்துக்கு வேதிப் பொருளோடு அணுக்கள் அடுக்கப்பட்ட விதமும் முக்கியம். அரகோனைட்டின் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 2.9-க்கு மேல், கால்சைட்டுக்கு 2.7. சுத்தமான துண்டென்றால் நீரில் எடை போட்டே பிரித்துவிடலாம்.