கிறிஸ்துமஸ் பீரை அடுத்த கிறிஸ்துமஸ் வரை வைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று ‘சியரா நெவாடா செலிப்ரேஷன்’ இரண்டு பெட்டியும், ‘செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல்’ பெரிய பாட்டில் ஒன்றும் வாங்கி கராஜில் வைத்திருக்கிறேன். ஒயின் மாதிரி நாளாக ஆக ருசி கூடும், டிசம்பரில் திறக்கலாம் என்கிறார் அண்ணன். இணையத்தில் ஒருவர் ஐந்து வருடப் பழைய கிறிஸ்துமஸ் பீரை 60 டாலருக்கு விற்கிறார். அதையும் வாங்கலாமா?

பதில்: உங்கள் அண்ணன் சொன்னது அந்த ஒரு பாட்டிலுக்குச் சரி. இரண்டு பெட்டிக்கும் தவறு.

செலிப்ரேஷன் லேபிளில் பனி மூடிய மரவீட்டைப் பார்த்துவிட்டு, பட்டையும் கிராம்பும் போட்ட பண்டிகைச் சரக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஐ.பி.ஏ. வகை, அதாவது ஹாப் என்ற பூவின் கசப்பும் மணமும் தூக்கலான பீர். கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில் 1981 முதல், அந்தந்த வருடம் அறுவடையான ஹாப் பூவைக் காயவைத்த கையோடு போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த மணத்துக்குத்தான் காசு. திறந்து வைத்த டப்பாவில் காபிப் பொடிக்கு என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும், கொஞ்சம் மெதுவாக. மூன்று நான்கு மாதத்தில் மணம் இறங்கும். பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். பழசானதாலேயே உடம்புக்கு ஒன்றும் வந்துவிடாது, ருசிதான் போகும்.

வாங்குமுன் தேதியைப் பார்த்தீர்களா? பாட்டிலின் கழுத்திலோ கேனின் அடியிலோ இருக்கும். சில ஆலைகள் மூன்று இலக்க எண் மட்டும் போடும். அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 298 என்றால் அக்டோபர் 25. சிலர் எதுவுமே போடுவதில்லை, ஏனென்றால் பீருக்குத் தேதி அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி எதுவும் கிடையாது. ஒரு கடையில் தள்ளுபடி அடுக்கிலிருந்து பெட்டியொன்றை எடுத்துத் திருப்பினேன். விலைச் சீட்டைச் சரியாகத் தேதியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் முந்தைய குளிர்காலத்துச் சரக்கு! பாதி விலை என்று எழுதியிருந்தால் முதலில் அந்தச் சீட்டைத்தான் சுரண்ட வேண்டும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது மாநிலங்கள் வகுத்த ஏற்பாடு இது: காய்ச்சுபவர் விநியோகஸ்தருக்கு விற்க வேண்டும், விநியோகஸ்தர் கடைக்கு. இலையுதிர் காலத்திலேயே சரக்கைத் தள்ளிவிட்டால் விநியோகஸ்தர் வேலை முடிந்தது. ஜனவரி 2-ஆம் தேதி பனிப்படம் போட்ட பெட்டியை யாரும் சீண்டமாட்டார்கள். அது கூலருக்கு வெளியே, வெதுவெதுப்பான தரையில் கிடக்கும். தொண்ணூறு வருடமாகியும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

இனி அந்தப் பெரிய பாட்டில். பெல்ஜியத்தின் வாட்டூ கிராமத்தில் காய்ச்சியது, 10 சதவீத ஆல்கஹால், கருத்த நிறம். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து, உள்ளே மாட்டிய ஆக்சிஜனைத் தானே தின்றுவிடுகிறது. நாள்பட நாள்பட உலர்ந்த அத்தி, வெல்லப்பாகு மாதிரி ஒரு சுவை வரும். கிட்டத்தட்ட இதே காரியத்தைத் தொட்டியிலேயே செய்வது 14 சதவீத ‘சமிக்லாஸ்’ என்ற பீர். சூரிச்சில் பிறந்து இப்போது ஆஸ்திரியாவின் எக்கன்பெர்க்கில், வருடத்தில் ஒரே நாள், புனித நிக்கோலஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று காய்ச்சி, ஏறத்தாழ பத்து மாதம் ஊறவிட்ட பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். பெர்னார்டஸ் மாதிரி இதையும் வைத்திருக்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் என்று பெயர் இருப்பதாலேயே எதையும் வைக்கக் கூடாது. கிளீவ்லாந்தின் ‘கிரேட் லேக்ஸ் கிறிஸ்துமஸ் ஏல்’ 7.5 சதவீதம்தான், அதிலுள்ள இஞ்சியும் பட்டையும் மங்கிவிட்டால் தேன் தித்திப்புத்தான் மிச்சம். கருத்த நிறம், தூக்கலான ஆல்கஹால், உயிருள்ள ஈஸ்ட் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த 60 டாலர் ஆசாமியை விட்டுவிடுங்கள். அநேகமாக உரிமம் இல்லாமல்தான் விற்கிறார். அமெரிக்கத் தபாலில் மது அனுப்பத் தடை இருக்கிறது, பெட்டியின் மேல் என்ன பொய் எழுதி அனுப்புவாரோ. ஐந்து கோடை அது எந்தப் பரணில் வெந்தது என்று யார் சொல்வது? அவர் விற்பது சான் பிரான்சிஸ்கோவின் ‘ஆங்கர் கிறிஸ்துமஸ் ஏல்’ என்றால் லேபிள் அழகுதான். 1975 முதல் வருடத்துக்கொரு மரம் வரைந்தார்கள். ஆலை 2023-இல் மூடியதும் பழைய பாட்டிலை விற்கும் இந்த ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். லேபிளைச் சேர்ப்பவருக்கு ஆகும், குடிப்பவருக்கு ஆகாது.

செலிப்ரேஷன் இரண்டு பெட்டியையும் இன்றைக்கே ஃபிரிட்ஜில் ஏற்றிச் சித்திரை பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள்; அண்ணனுக்கும் பங்கு உண்டு. பெர்னார்டஸை கராஜிலிருந்து எடுத்து அடித்தளத்தில், வெளிச்சம் படாத மூலையில், நிறுத்தி வையுங்கள். ஒயின் போலப் படுக்கப் போட வேண்டாம், வண்டல் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். டிசம்பரில் ஊற்றும்போது கடைசி இரண்டு விரல்கடை கலங்கலை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.