எண்ணெய் தேய்த்துக் குளித்தது தப்பா?

கேள்வி: அக்கா, என் கணவர் மாரடைப்பில் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மாமியாருக்கு இரண்டு வருடமாகப் பக்கவாதம். வலப்பக்கம் வராது, பேச்சு குழறும். இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. சாப்பாடு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, இரவில் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். எனக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முடி உலர வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு ஆச்சி, “அதற்குள் தேறிவிட்டாயே!” என்றார். அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கவே கூசுகிறது. நான் செய்தது தப்பா?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தப்பே இல்லை, தங்கையே. ஐந்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தலை முழுகியதற்கு நீங்கள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவனை இழந்தவள் எண்ணெய் வைக்கக் கூடாது, வாசலில் உட்காரக் கூடாது என்று நம் ஊர்களில் எத்தனை பெண்களை வாட்டி எடுத்திருக்கிறார்கள்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மனைவியை இழந்தவரைப் பார்த்து எவரும் “அதற்குள் சவரம் செய்துவிட்டாயே” என்று கேட்டதில்லை.

துக்கம் ஒரே சீராக இருக்காது. காலையில் மிஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட் தைத்து முடிப்பீர்கள். மாலையில் அவருடைய சட்டை கண்ணில் பட்டதும் நெஞ்சு அடைக்கும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைத்தான் எழுதினார்கள்: இழப்பை எண்ணி அழுவதும், அதை விட்டு விலகி அன்றாடத்தைப் பார்ப்பதுமாக மனம் மாறி மாறிப் போய்வருகிறது; அந்தப் போக்குவரத்தில்தான் அது மெல்ல ஆறுகிறது. நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் துக்கத்துக்குள்தான் சேர்த்தி.

ஆனால் எனக்குக் கவலை ஆச்சியின் பேச்சைப் பற்றி அல்ல. மாத்திரையை மறக்கிறீர்கள், இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்தேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அதே வார்டில் மயங்கி விழுந்து, அவருக்கும் கட்டில் போட்டதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இந்த வாரமே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அத்தையின் பெயரோடு உங்கள் பெயரையும் பதியுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். அத்தைக்குக் காற்றுப் படுக்கை போட்டால் இரவில் திருப்புகிற இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதுகுத் தோல் சிவக்காமல் இருந்தால் பல பேருக்கு அனுமதிப்பார்கள். தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினாலே மறுநாள் வேறு மாதிரி விடியும்.

துட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் “என்ன வேண்டுமானாலும் சொல்” என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேலையையும் நாளையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நாத்தனார் இருந்தால், “மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு உங்கள் அம்மாவோடு நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்” என்று கேளுங்கள். அவருக்கும் அது கடமைதானே? மகன் பள்ளிக்குக் கிளம்பும் முன் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டட்டும். அப்பாவை இழந்த பிள்ளை அவன். பாட்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருவது அவனுக்கும் ஆறுதலாக இருக்கும். சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்று. மகனைப் பறிகொடுத்துவிட்டு, வாய்விட்டு அழக்கூட நாக்கு ஒத்துழைக்காமல் படுத்திருக்கிறார் உங்கள் அத்தை. என் கணவர் இறந்த வருடம் என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். ஒருநாள் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் என் சிக்குப் பிடித்த முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அந்தக் கிண்ணத்தை எடு” என்றார். கட்டிலுக்குக் கீழே உட்காரச் சொல்லி, நடுங்குகிற விரலால் உச்சியில் எண்ணெய் வைத்தார். பாதி என் நெற்றியில் வழிந்தது. கணவர் இறந்த பிறகு அன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, அத்தையின் இடது கைப் பக்கம் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள்.